வெயிலில் வருவதெல்லாம் பரு அல்ல



இன்று பேச எடுத்துக்கொண்டது மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன விஷயம். பங்குனி கழிந்து சித்திரை பிறந்ததும் கழுத்திலும் மார்பிலும் தோளிலும் முகத்திலும் பொரிப் பொரியாக எழும்புகிற தடிப்புகளைப் பற்றியது. உயிருக்கு ஆபத்தில்லை, பெரும்பாலும் தானே அடங்கியும் விடும். அப்படியிருக்க, இதற்கென்று ஒரு கூட்டம் தேவையா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தேவை என்பதற்கு ஒரே காரணம்தான் உண்டு. வெயிலால் வந்த பொரியைப் பரு என்று எண்ணிப் பருவுக்கான மாத்திரையை விழுங்கினால், அந்த மாத்திரையே தோலை வெயிலுக்கு இன்னும் எளிதில் இலக்காக்கிவிடக்கூடும். பருவை அலர்ஜி என்று எண்ணி அதற்கான களிம்பைத் தடவினால், அந்தக் களிம்பே புதிய பருவை வரவழைக்கும். பரு மருந்து வெயில் பொரிக்குப் பகை. பொரிக்கான களிம்பு பருவுக்குப் பகை. இப்படி இரண்டு பக்கமும் தவறு காத்திருக்கிற இடம் தோல் மருத்துவத்தில் அதிகமில்லை. ஆகவே எந்தக் களிம்பு நல்லது என்று கேட்பதற்கு முன்பு, வந்திருப்பது எது என்று கேட்க வேண்டும். சரியாக அடையாளம் காண்பதே இதில் சிகிச்சையின் பெரும்பகுதி என்பதை உங்கள் முன் நிறுவ முயல்கிறேன்.

முதலில் பரு என்பது எது என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் தோலிலுள்ள மயிர்க்கால்களோடு எண்ணெய்ச் சுரப்பிகள் ஒட்டியிருக்கின்றன. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் தூண்டுவதால் அவை கூடுதலாகச் சுரக்கின்றன. அதே சமயம் மயிர்க்காலின் வாயிலுள்ள செல்கள் உதிர்ந்து வெளியேறாமல் ஒட்டிக்கொண்டு அடைப்பை உண்டாக்குகின்றன. அடைப்புக்குப் பின்னால் எண்ணெய் தேங்குகிறது, க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா அங்கே பெருகுகிறது, அழற்சி தொடங்குகிறது. இந்த வரிசையின் முதற்படியான அடைப்பைத்தான் கரும்புள்ளி என்றும் வெண்புள்ளி என்றும் சொல்கிறோம். எனவே உண்மையான பரு உள்ள முகத்தில் எல்லாப் படிகளும் ஒரே நேரத்தில் காணக்கிடைக்கும்: ஓரிடத்தில் கரும்புள்ளி, பக்கத்தில் சிவந்த பொரி, இன்னோரிடத்தில் சீழ் வைத்த கட்டி, வேறோரிடத்தில் ஆறிய வடு. இந்தக் கலவைதான் பருவின் கையெழுத்து. கரும்புள்ளியே இல்லை, எல்லாப் பொரிகளும் ஒரே அளவு, எல்லாம் சேர்ந்தாற்போல் முளைத்தவை என்றால், அது பருவைப் போன்ற வேறொன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மருத்துவர்கள் இப்படிப்பட்டவற்றுக்கெல்லாம் பருப்போலித் தடிப்புகள் என்று பொதுவாகப் பெயரிட்டு, காரணத்தைத் தனியே தேடுகிறார்கள்.

வெயிலால் வரும் பருப்போலிக்கு மருத்துவ நூல்களில் பெயர் பெற்ற உதாரணம் ஐரோப்பாவில் கிடைத்தது. மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்க்கா என்றொரு தீவு உண்டு. நீண்ட குளிர்காலத்தால் சலித்துப்போன வட ஐரோப்பியர்கள் வெயில் காயக் கூட்டங்கூட்டமாகப் போகும் இடம் அது. அப்படிப் போய்த் திரும்பியவர்களிடம் காணப்பட்ட ஒருவகைப் பொரியை டென்மார்க்கின் தோல் மருத்துவர் நீல்ஸ் யோர்த்தும் அவருடைய சகாக்களும் 1972-இல் விவரித்தார்கள். கோடைப் பரு, மயோர்க்கா பரு என்று அதற்கு இரண்டு பெயர்கள். பெரும்பாலும் 25 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களுக்கு வந்தது. அதாவது பருவ வயதுப் பருவெல்லாம் ஓய்ந்துபோன வயதில். கழுத்தின் பக்கங்கள், மார்பின் மேற்பகுதி, தோள், மேற்கை ஆகியவை அதன் முக்கிய இடங்கள். குவிந்து சிவந்த பொரிகள், எல்லாம் ஒரே அளவு. கரும்புள்ளியும் சீழும் இல்லை அல்லது மிகக் குறைவு. வசந்தத்தில் தொடங்கும், கோடையில் முற்றும், இலையுதிர் காலத்தில் தானே மறையும், அடுத்த ஆண்டு மறுபடி வரும். பருவுக்குப் பயன்படும் ஆண்டிபயாட்டிக் மாத்திரைகள் இதில் பெரிதாக எடுபடவில்லை. பார்வைக்குப் பருதான், நடத்தையில் பரு அல்ல.

இது ஏன் வருகிறது? அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் கிளிக்மன் இதில் முக்கியமான சில சோதனைகளைச் செய்தார். ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள்மீது நடத்திய ஆய்வுகளுக்காகப் பின்னாளில் கடுமையான கண்டனத்துக்கு ஆளானவர் அவர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவரும் சகாக்களும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு முயல்களின் காதில் செய்யப்பட்டது. மயிர்க்காலை அடைக்கும் தன்மையுள்ள எண்ணெய்ப் பொருள்களைத் தடவிப் புற ஊதாக் கதிரையும் படச் செய்தபோது, அடைப்பு இன்னும் கூடியது. நம் தோலெண்ணெயில் இயற்கையாகவே உள்ள ஸ்குவாலீன் என்ற பொருள் புற ஊதாக் கதிர் பட்டு ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் மயிர்க்காலை அடைக்கும் பொருளாக மாறுகிறது என்பதும் பின்னர் தெரியவந்தது. கதிர் மட்டுமல்ல, எண்ணெய் மட்டுமல்ல, இரண்டின் கூட்டுதான் குற்றவாளி. மயோர்க்காவில் அந்த எண்ணெய் வெயில் காய்வோர் பூசிய கொழுப்பு மிகுந்த களிம்பிலிருந்து வந்தது. நம் ஊரில் அதற்குக் களிம்புகூட வேண்டாம். தலைக்குத் தாராளமாக வைத்த தேங்காய் எண்ணெய் வியர்வையோடு வழிந்து நெற்றிக்கும் பிடரிக்கும் வருகிறது. அதன்மேல் பகல் வெயில் விழுகிறது. தலை எண்ணெயால் நெற்றியோரம் வரும் பருவை மருத்துவ நூல்கள் 1970-லிருந்தே தனியாகக் குறித்து வருகின்றன. மயோர்க்கா பரு நமக்கு அந்நியமான நோய் என்று ஒதுக்க முடியாததற்கு இந்தப் பொதுக் காரணம் போதும்.

ஆனால் நம் நாட்டில் வெயில் பொரி என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது மயோர்க்கா பருவும் அன்று. பல்லுருவ ஒளித்தடிப்பு என்று சொல்லத்தக்க இன்னொன்று. உலகெங்கும் வெயில் ஒவ்வாமைகளில் மிகப் பரவலானது இதுதான். இது மயிர்க்கால் அடைப்பு அல்ல. புற ஊதாக் கதிரால் தோலில் உண்டாகும் மாற்றத்தை அந்நியப் பொருளாக எண்ணி உடலின் எதிர்ப்பாற்றல் தாக்குவதால் வருவது. வெயிலில் நின்ற சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தோன்றும்; கடுமையாக அரிக்கும்; மறுபடி வெயில் படாவிட்டால் சில நாள்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வடுவின்றி மறையும். வெளுத்த தோலில் இது சிவந்த திட்டுகளாகத் தெரியும். நம்மைப் போன்ற மாநிறத்தோலிலும் கருந்தோலிலும் ஊசிமுனை அளவுப் பொரிகளாக, தோல் நிறத்திலோ சற்றுக் கறுத்தோ வெளுத்தோ, முன்கையின் புறப்பக்கத்திலும் பிடரியிலும் நெருங்கி நிற்கும். சிவப்பு தெரியாததாலேயே பலர் இதை ஒவ்வாமை என்று நினைப்பதில்லை. சின்னப் பருக்கள் என்று நினைக்கிறார்கள். இதில் இன்னொரு விசித்திரம்: ஆண்டு முழுவதும் வெயில் படுகிற முகத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, துணி மூடிப் பழகிய இடம் திடீரென்று வெயில் கண்டால் அங்கேதான் அதிகம் வரும். கோடை முற்ற முற்றத் தோல் பழகிக்கொள்வதால் சிலருக்குத் தானே குறைந்தும் போகும்.

வெயில் காலத்தில் வருவதாலேயே ஒன்றை வெயிலால் வந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. வியர்க்குருவை எடுத்துக்கொள்ளுங்கள். அது வியர்வை நாளம் அடைபடுவதால் வருவது. அதற்குக் காரணம் வெப்பமும் புழுக்கமும். சூரியக் கதிருக்கு அதில் நேரடிப் பங்கில்லை. அதனால்தான் வெயில் படாத முதுகிலும் இடுப்பிலும் சட்டை இறுக்கும் இடங்களிலும் அது கூடுதலாக இருக்கும். முள் குத்துவதுபோல் சுருக்கென்றிருக்கும். அடுத்தது மலசீசியா என்ற பூஞ்சையால் மயிர்க்கால்கள் அழற்சியடைவது. மார்பு, முதுகின் மேற்பகுதி, நெற்றி ஆகிய இடங்களில் ஒரே அளவுப் பொரிகளாக வரும்; அரிக்கும்; வியர்வையில் கூடும். பரு என்று எண்ணி ஆண்டிபயாட்டிக் கொடுத்தால், பாக்டீரியாக்கள் குறைந்து பூஞ்சைக்கு இடம் விரிவதால் இது மேலும் பெருகும். இரண்டு சக்கர வாகனத்தில் போகும் பெண்கள் முகத்தைச் சுற்றி இறுகக் கட்டும் துப்பட்டாவும், தலைக்கவசத்தின் தாடைப் பட்டையும் உராய்ந்து உண்டாக்கும் பரு மற்றொன்று. அதில் வெயில் காரணமே அல்ல. வெயிலைத் தடுக்கச் செய்த ஏற்பாடு காரணம்.

இத்தனை பேர் ஒரே முகமூடியில் வந்தால் சாதாரண மனிதர் எப்படிப் பிரித்தறிவது? நான்கு கேள்விகள் போதும். முதல் கேள்வி, எங்கே? வெயில் படும் இடங்களில் மட்டும் வந்து, சட்டைக் கழுத்தோ கைக்கடிகாரப் பட்டையோ இருந்த இடத்தில் கோடு போட்டாற்போல் நின்றுவிட்டால், சூரியன்மேல் சந்தேகம் கொள்ளலாம். மூடிய முதுகில் வந்திருந்தால் வியர்க்குருவையோ பூஞ்சையையோ நினைக்க வேண்டும். இரண்டாவது, எப்போது? வெயிலில் நின்றபின் மணிக்கணக்கில் வந்ததா, நாள்கணக்கில் வந்ததா, வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சேர்ந்ததா? முன்னிரண்டும் ஒளித்தடிப்பைக் காட்டும். கடைசியாகச் சொன்னது மயோர்க்கா வகையையோ சாதாரணப் பருவையோ காட்டும். மூன்றாவது, எப்படி இருக்கிறது? கரும்புள்ளி உண்டா, இல்லையா; எல்லாம் ஒரே அளவா, கலந்து கிடக்கிறதா? நான்காவது, அரிக்கிறதா? சாதாரணப் பரு வலிக்கும், அதிகம் அரிக்காது. சொறியச் சொல்லும் பொரியைப் பரு என்று முடிவுகட்டுமுன் இருமுறை யோசிக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான்கும் ஒரே திசையைக் காட்டினால் பெரும்பாலும் பிழை நேராது. ஒன்றுக்கொன்று முரண்பட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

மருத்துவர்கள் இதோடு இன்னொன்றையும் பார்ப்பார்கள்: முகத்தின் நிழலிடங்கள். மேலிமை, மூக்கின் நிழல் விழும் உதட்டு மேற்பகுதி, தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால் ஆகிய இடங்களில் நேர்வெயில் அதிகம் விழாது. வெயில் பொரி இவற்றை விட்டுவைக்கும். இவையும் சேர்ந்து தடித்திருந்தால், காற்றில் வந்து படிந்த பொருளால் உண்டான ஒவ்வாமையாக இருக்கலாம். நம் தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் செடி இதற்கு நன்கறிந்த காரணம். இவற்றைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது லூபஸ் என்ற நோய். வெயில் பட்டதும் இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் தடிப்பு வந்து, மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பை மட்டும் விட்டுவைத்து, அதோடு மூட்டுவலி, காய்ச்சல், வாய்ப்புண், முடி கொட்டுதல், மிகுந்த களைப்பு இவற்றில் ஏதேனும் சேர்ந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீரகம் வரை பாதிக்கக்கூடிய நோய் அது. வேறு நோய்க்காகச் சாப்பிடும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை தோலை வெயிலுக்குக் கூருணர்வுள்ளதாக்கும்.

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். தவறாக அடையாளம் கண்டால் என்ன ஆகிறது? பருவுக்கு மிகப் பரவலாகத் தரப்படும் மாத்திரை டாக்ஸிசைக்ளின். அது புற ஊதாக் கதிர்களில் ஏ என்ற வகையோடு சேர்ந்தால் தோலைச் சுட்டுச் சிவக்கச் செய்யும் தன்மையுடையது. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். வெயிலால் ஏற்கெனவே துன்பப்படும் தோலுக்கு இது எரிகிற வீட்டில் கொட்டிய எண்ணெய். ட்ரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டு களிம்புகள் பருவுக்கு அருமையான மருந்துகள். ஆனால் தோலின் மேலடுக்கை மெல்லியதாக்கி எரிச்சலும் தருவதால், அவற்றை இரவில் பூசி, பகலில் வெயிலிலிருந்து காத்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கத் தவறு இதைவிட மோசமானது. அரிக்கிறது என்று மருந்துக்கடையில் சொன்னால் கிடைப்பது பெரும்பாலும் பெட்டாமெத்தசோனோ குளோபெட்டசாலோ கலந்த ஸ்டீராய்டு களிம்பு. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். முகம் பளிச்சென்று தெரியும். அதனால் மீண்டும் மீண்டும் வாங்கத் தோன்றும். வாரங்கள் கழித்துத் தோல் மெலியும், ரத்த நாளங்கள் வெளியே தெரியும், ரோமம் வளரும், ஒரே அளவுப் பொரிகள் கூட்டமாக எழும், வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் எல்லாம் ஒன்றுக்கு இரண்டாகத் திரும்பும். வெயில் பொரிக்காகத் தொடங்கிய களிம்பு, வெயிலைத் தாங்காத, பரு நிறைந்த முகத்தில் கொண்டுவந்து விடுகிறது.

இது மிகைப்படுத்தல் என்று யாரேனும் நினைத்தால் நம் நாட்டுக் கணக்கையே பார்க்கலாம். இந்தியாவின் 12 தோல் மருத்துவ மையங்கள் சேர்ந்து செய்து 2011-இல் வெளியான ஆய்வில், முகத் தோல் சிக்கல்களோடு வந்த 2926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ ஏழில் ஒருவர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்லர். பத்தில் ஒன்பது பேருக்குப் பக்கவிளைவு இருந்தது. அவற்றில் முதலிடம் பருவுக்குத்தான். இப்படிக் கெட்டுப்போன முகத்துக்கு 2008-இலேயே கொல்கத்தா மருத்துவர்கள் தனிப்பெயரிட்டுவிட்டார்கள். ஒன்றிய அரசும் 2018-இல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குக் கொண்டுவந்தது. சட்டம் வந்துவிட்டது, கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் போகவில்லை. மங்கு என்ற கருந்திட்டு நோய்க்கென்று உருவான ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்த களிம்பு, சிவப்பழகு கிரீமாக வீட்டுக்கு வீடு கைமாறுவதும் நிற்கவில்லை.

சரியாக அடையாளம் கண்டால் சிகிச்சை எளிது, செலவும் குறைவு. மயோர்க்கா வகையென்றால் எண்ணெய்ப்பசையுள்ள களிம்புகளை நிறுத்த வேண்டும். வெயிலைத் தடுக்க வேண்டும். இரவில் அடாபலீன் போன்ற ரெட்டினாய்டோ, பென்சாயில் பெராக்சைடோ மருத்துவர் சொல்லும் அளவில் பூசலாம். மறைய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அவசரப்பட்டு மருந்தை மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. ஒளித்தடிப்பென்றால் முதல் மருந்து நிழல். அரிப்புக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணி, கலமைன் லோஷன், அரிப்பு அடக்கும் மாத்திரை. தேவைப்பட்டால் மருத்துவர் மேற்பார்வையில் சில நாள்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு தீண்டத்தகாத மருந்தல்ல. இன்ன நோய்க்கு, இவ்வளவு நாள் என்ற வரையறை இல்லாமல் பூசுவதுதான் தீங்கு. ஆண்டுதோறும் திரும்பி வருபவர்களுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் போன்ற மாத்திரைகள் உண்டு; அவற்றுக்குக் கண் பரிசோதனையும் உடன் வேண்டும். பூஞ்சையென்றால் கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகள். வியர்க்குருவுக்குக் காற்றோட்டமும் தளர்ந்த பருத்தி ஆடையும் போதும். கிராமங்களில் வியர்க்குருவின்மேல் நுங்கைத் தேய்க்கும் வழக்கம் அந்த இடத்தைக் குளிரவைப்பதால் இதம் தருவதுதான், அதில் தீங்கில்லை. ஆனால் எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசி வெயிலில் போவது வேறு கதை. எலுமிச்சையிலுள்ள ஃபியூரனோகூமரின் என்ற பொருள் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து கொப்புளத்தையும் மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டையும் உண்டாக்கும்.

தடுப்பு முறைகளில் முதலிடம் ஆடைக்கும் நிழலுக்கும்தான். நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புள்ள தொப்பி, குடை. காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நேர்வெயிலைக் குறைத்துக்கொள்வது. இவற்றுக்குப் பின்புதான் சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் என்ற எண் பெரும்பாலும் புற ஊதா பி கதிரிலிருந்து கிடைக்கும் காப்பைச் சொல்கிறது. எஸ்பிஎஃப் 30 அதில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும். வெயிலால் வரும் பருப்போலித் தடிப்புகளில் பெரும்பங்கு ஏ கதிருக்கு உண்டு. ஆகவே பிஏ என்ற குறியைப் பார்த்து, அதற்குப் பக்கத்தில் கூட்டல் குறிகள் அதிகமுள்ளதை வாங்க வேண்டும். ஏ கதிர் சாதாரணக் கண்ணாடியையும் கடந்து வரும். பேருந்தின் சன்னலோர இருக்கையும், சன்னலை ஒட்டிய அலுவலக மேசையும் முழுப் பாதுகாப்பான இடங்கள் அல்ல. சோதனைக்கூடத்தில் சன்ஸ்கிரீனை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளக்கிறார்கள். நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இராது. எனவே குறிப்பிட்ட காப்பும் கிடைக்காது. தாராளமாகப் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் வியர்த்தபோதும் மறுபடி பூச வேண்டும்.

இனி எழக்கூடிய மறுப்புகளைப் பார்ப்போம். முதல் மறுப்பு, நம் கறுத்த தோலுக்கு இதெல்லாம் எதற்கு, இது வெள்ளைக்காரர் நோய் என்பது. இதில் பாதி உண்மை உண்டு. மெலனின் நமக்கு நல்ல கவசம். தோல் புற்றுநோய் நம்மிடையே குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் கவசத்தின் அளவையும் அறிய வேண்டும். கிளிக்மன் பங்கேற்ற 1979-ஆம் ஆண்டு ஆய்வில், கறுப்பினத்தவரின் மேல்தோலைக் கடந்து உள்ளே சென்ற பி கதிர் சுமார் 7 விழுக்காடு. ஏ கதிரோ 17 விழுக்காட்டுக்கும் மேல். நம்மில் பலருக்கு அவ்வளவு மெலனினும் கிடையாது. மெலனின் பி கதிரைத் தடுக்கும் அளவுக்கு ஏ கதிரைத் தடுப்பதில்லை. பொரியை உண்டாக்குவதில் ஏ கதிருக்குத்தான் பங்கு அதிகம். நாம் வாழும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாடு ஏறத்தாழ 8 பாகைக்கும் 13.5 பாகைக்கும் இடைப்பட்ட வட அட்சரேகைகளில் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. புற ஊதாக் குறியீடு 3-ஐ எட்டினாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் கோடை நண்பகலில் அது 11-ஐயும் தாண்டும். கவசம் நல்லதுதான், விழும் அடியும் பெரிது. அழற்சி ஆறியபின் மாதக்கணக்கில் நிற்கும் கருந்தழும்பு நம் தோலுக்கே உரிய தொல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு, வெயில் பட்டால் பரு காய்ந்துபோகும் என்பது. வெயிலில் தோல் கறுப்பதால் பருவின் சிவப்பு சில நாள் மறைந்ததுபோல் தெரியும், அவ்வளவுதான். மருத்துவமனைகளில் ஒளியால் பருவுக்குச் சிகிச்சை தருகிறார்களே என்று கேட்கலாம். அங்கே பயன்படுவது 415 நானோமீட்டர் அளவிலான நீல ஒளி. பருப் பாக்டீரியாவிலுள்ள போர்ஃபிரின் என்ற பொருளைக் குறிவைப்பது. புற ஊதாக் கதிர் அதில் இல்லை. மூன்றாவது மறுப்பு வைட்டமின் டி. வெயிலைத் தவிர்த்தால் அது குறையாதா? குறையலாம், நம் நாட்டில் அது பரவலான குறைபாடும்கூட. ஆனால் வெயில் பட்டால் பொரி எழும்பும் ஒருவர், ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால் மாத்திரையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்காக நோயைத் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. நான்காவது, சன்ஸ்கிரீன் பூசினால்தான் பரு வருகிறது என்பது. மயோர்க்காவின் வரலாறு இந்தப் புகாருக்கு ஆதாரமே தருகிறது; மறுக்கவில்லை. ஆனால் அங்கே குற்றம் களிம்பின் கொழுப்பில் இருந்தது. ஜெல் வடிவிலோ நீர்த்தன்மையுள்ள லோஷனாகவோ கிடைப்பதைத் தேர்ந்தால் அந்த இடர் பெரிதும் குறையும். பரு உண்டாக்காது என்று உறையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். முன்கையிலோ தாடையோரத்திலோ ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகலாம்.

ஐந்தாவது மறுப்பு பெரியவர்களிடமிருந்து வருவது: இதெல்லாம் உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போய்விடும். வியர்க்குருவுக்கு உடம்பைக் குளிர்விக்க வேண்டும் என்பதில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் மயிர்க்கால் அடைபட்டு வந்த பொரிக்கு எண்ணெய் மருந்தாகாது. அதுவே காரணமாகவும் இருக்கலாம். மரபு தவறென்று இதற்குப் பொருளில்லை. ஒரு பொரிக்குப் பொருந்திய மருந்தை எல்லாப் பொரிக்கும் நீட்டுவதுதான் தவறு. கடைசி மறுப்புதான் கனமானது. வயலிலும் உப்பளத்திலும் கட்டட வேலையிலும் மீன்பிடி படகிலும் நிற்பவரிடம் நண்பகல் வெயிலைத் தவிருங்கள், விலையுயர்ந்த சன்ஸ்கிரீன் பூசுங்கள் என்று சொல்வது நியாயமா? நியாயமில்லை. கடல் மணலும் நீர் நுரையும் கதிரைப் பிரதிபலித்து மேலும் கூட்டும்; கடலோரத்தில் நிற்பவருக்குக் குடைகூட முழுக்காப்பு அல்ல. அவர்களுக்கு முழுக்கைச் சட்டையும் தலைத்துணியும் நிழலில் இடைவேளையும் தருவது வேலை கொடுப்பவரின் கடமை. தனிமனிதர் வாங்கும் களிம்பால் ஈடு செய்யக்கூடியதல்ல அது. மருத்துவரைப் பார்க்கப் பணம் வேண்டுமே என்ற கவலைக்கு மறுமொழி உண்டு. நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவுகள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. தவறான களிம்புகளுக்கு ஒரு கோடையில் செலவழிக்கும் பணத்தைவிட, அங்கே போய்வரும் பேருந்துக் கட்டணம் குறைவு.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது மிகக் கொஞ்சம். பொரி கண்டால் எங்கே, எப்போது, எப்படி, அரிப்பு உண்டா என்ற நான்கையும் கேளுங்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள், மருத்துவரிடம் போகும்போது மறைந்திருந்தாலும் காட்டலாம். ஒரு வாரம் நிழலும் குளிர்ந்த நீரும் எண்ணெயற்ற தோலுமாக இருந்து பாருங்கள். காய்ச்சல், மூட்டுவலி, வாய்ப்புண், பெரிய கொப்புளம், முக வீக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அந்த ஒரு வாரமும் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் பருவுக்கான மாத்திரையையோ களிம்பையோ மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஐசோட்ரெட்டினாயின் சிசுவுக்குக் கடும் ஊனம் விளைவிப்பது. மருந்துக்கடை நடத்துபவர்கள் இந்த அவையில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சீட்டில்லாமல் ஸ்டீராய்டு களிம்பைக் கொடுக்காதீர்கள், அது சட்டப்படியும் குற்றம். மற்ற அனைவருக்கும் ஒரே வார்த்தை: கடையில் போய் ‘முகத்துக்கு ஒரு கிரீம் கொடுங்கள்’ என்று கேட்பதை இந்தக் கோடையோடு விட்டுவிடுங்கள்.